மார்பகப் புற்றுநோய் வந்த உறவுக்காக ஒரு நடை: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்தில் நடத்துவது எப்படி?

சின்னம்மா மார்பில் இருந்த கட்டியை ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மாம்பழக்கூழ் பேக்டரியில் சீசன் வேலை. "சீசன் முடியட்டும், வலிக்கவா செய்யுது" என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. ஆபரேஷன், கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) என எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். என்னோடு சண்டையும் போடுகிறார்.

அவருக்காக முதல் வருடம் நாங்கள் நடத்தியதை நடை என்று சொல்ல முடியாது, அது ஊர்வலம். அக்டோபர் மாதம் மாலை நாலரை மணி, எல்லோருக்கும் ரோஸ் கலர் டீ-ஷர்ட், மைக், சிறப்பு விருந்தினர். ஐந்தரைக்கு இடியும் மழையும். வசூலில் பாதிக்கு மேல் டீ-ஷர்ட்டுக்கும் பந்தலுக்குமே போயிருந்தது. மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் கேட்டார்: "ஏங்க, எனக்கும் ஒரு கட்டி மாதிரி இருக்கு. எங்க போயி காட்டறது?" என்னிடம் பதில் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி நடையிலிருந்து தொடங்காமல், நடை முடிந்த மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறது. ஞாயிறு நடந்தவர்களில் எத்தனை பெண்கள் திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு. கூட்டத்தின் தலை எண்ணிக்கை போட்டோவுக்கு உதவும், அவ்வளவுதான்.

முதல் வேலை: திங்கட்கிழமையை உறுதி செய்யுங்கள்

நடைத் தேதியை முடிவு செய்யும் முன்பே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ் கையால் தடவிப் பார்ப்பார், காசு கிடையாது. சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது என்று வரிசையாக நடக்கும். "இந்த நாள் இத்தனை பேர் வருவோம், பெண் நர்ஸ் இருக்க வேண்டும், மறைப்பு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை நடை நாளாக வையுங்கள்.

வீடு தேடி மருந்து கொடுக்க வரும் தன்னார்வலர் அக்காக்களையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலை செய்யும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கூப்பிட்டால் பெண்கள் வருவார்கள், நாம் ஒட்டும் நோட்டீசுக்கு வர மாட்டார்கள்.

யாருக்காக நடக்கிறோம் என்று வீட்டில் கேட்டீர்களா?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். "எங்க அத்தைக்காக" என்று பேனர் அடித்துவிட்டு அத்தையிடமே சொல்லாதவர்கள் உண்டு. நம் ஊரில் இந்த நோய் ஒரு ஆளோடு நிற்பதில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால், "அம்மாவுக்கு இருந்துச்சாமே" என்ற ஒரு சொல்லிலேயே சம்பந்தம் நின்றுபோகும். சரியா தப்பா என்று வாதாடிப் பயனில்லை, அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள். தலையாட்டினால் மட்டும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. முதுகில் குத்திக்கொள்ள ஒரு துணி அட்டை, அதில் பெயர் இல்லாமல் முறை மட்டும்: அம்மாவுக்காக, சின்னம்மாவுக்காக, நாத்தனாருக்காக, பக்கத்து வீட்டு அக்காவுக்காக. முன்னால் போகிறவரின் முதுகைப் படித்தபடியே பின்னால் வருகிறவர் நடப்பார். ஒரு பெரியவர் தன் அட்டையில் "எனக்காக" என்று எழுதிக்கொண்டு வந்தார். இந்த நோய் ஆண்களுக்கும் வரும், நோய் வந்த நூறு பேரில் ஒருவர் ஆண் என்ற அளவுக்கு. அன்றைக்கு அந்த அட்டை எந்த மைக்கையும் விட அதிகம் பேசியது.

இறந்தவர்களின் படத்துக்கு மாலை போட்டு முன்னால் தூக்கிச் செல்லாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர் பின்னால் வந்துகொண்டிருப்பார், அவருக்கு அது என்ன சொல்லும் என்று யோசியுங்கள்.

உறவுக்காக நடப்பதில் இன்னொரு விஷயமும் கூடவே வரும். மகள்களும் தங்கைகளும் "அப்ப எனக்கும் வருமா" என்று மனசுக்குள் கேட்டபடி நடப்பார்கள். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான். ஆனால் அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்பே நமக்குச் சோதனையைத் தொடங்குவது டாக்டர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு. இதை ஒரு நர்ஸ் வாயால் சொல்லவையுங்கள். நாம் சொன்னால் பயமுறுத்துவது போல இருக்கும்.

தேதி: அக்டோபர் வேண்டாம் என்பது என் கட்சி

உலகம் முழுக்க அக்டோபர்தான் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். நமக்கு அது மழை மாதம். தென்பெண்ணையில் தண்ணீர் கூடி அணை மதகு திறந்தால் ஆற்றங்கரைப் பக்கம் யாரையும் விட மாட்டார்கள். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், அதை ஒட்டிய ஞாயிறு நமக்குத் தோது. பனி குறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, மாந்தோப்பெல்லாம் பூத்து நிற்கும். கூழ் பேக்டரி சீசனும் தொடங்கியிருக்காது, அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் வர முடியும். மார்ச்சுக்குத் தள்ளினால் பரீட்சை வந்துவிடும். அக்டோபரில்தான் செய்வேன் என்றால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள், மாலை வேண்டவே வேண்டாம்.

வழி

கிருஷ்ணகிரி என்றதும் எல்லோரும் கே.ஆர்.பி. அணை என்பார்கள். ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், அங்கே பூங்கா உண்டு, வறுத்த மீன் உண்டு. போய்ச் சேர்வது அழகுதான், திரும்பி வர வண்டி வேண்டும். ஞாயிறு என்றால் சுற்றுலாக் கூட்டமும் சேரும். அணை வளாகத்துக்குள் நடக்க நீர்வளத் துறையின் அனுமதி தனி. தர்மபுரிக்காரர்கள் அதியமான்கோட்டை வரை நடக்க ஆசைப்படுவார்கள், ஆனால் அது வண்டிகள் பறக்கும் சேலம் பாதை. எந்த ஊராக இருந்தாலும் 44-ம் எண் நெடுஞ்சாலையைத் தொடவோ குறுக்கே கடக்கவோ திட்டமிடாதீர்கள்.

என் யோசனை: ஒரு பள்ளி மைதானத்தில் தொடங்கி, தெருக்கள் வழியாகச் சுற்றி அதே மைதானத்துக்குத் திரும்பும் இரண்டரை கிலோமீட்டர் வட்டம். முடிந்தவர்கள் இரண்டு சுற்று வரட்டும், முடியாதவர்கள் ஒன்றோடு உட்காரட்டும். யாரும் "பாதியில் விட்டவர்" ஆக மாட்டார்கள். கூட்டமாக ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தெருவுக்குள் போவதில் இன்னொரு லாபம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண் அட்டையைப் படிப்பார்.

வழியைக் குறித்ததும் அதே கிழமை, அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். நாய்கள், திறந்த சாக்கடை, சந்தைக்கடை எல்லாம் தெரியும். கழிப்பறையையும் அப்போதே எண்ணுங்கள். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தண்ணீர் வசதியோடு. வழியில் இடம் இல்லை என்று தெரிந்தால் நம் பெண்கள் முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மயங்கி விழுவதற்கு வெயிலோடு அதுவும் ஒரு காரணம்.

அனுமதி

மூன்று வாரம் முன்பே காவல் ஆய்வாளருக்கு மனு, டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு நகல். மனுவில் தேதி, நேரம், வழி வரைபடம், எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் செல் எண் இருக்கட்டும். சாலையின் எந்தப் பக்கம் நடப்பது என்று அவர்களையே கேட்டு எழுதி வாங்குங்கள். நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஒரு கடிதம், மைதானத்துக்குத் தலைமையாசிரியர் கடிதம். மைக் அனுமதி தனி. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே மைக் கூடாது. என்னைக் கேட்டால் மைக்கே வேண்டாம். பேனருக்கும் அனுமதி வாங்க வேண்டும், பிளெக்ஸ் அடிக்காமல் பழைய வேட்டியில் எழுதினால் காசும் மிச்சம்.

பணம்: மொய் நோட்டும் குழு நோட்டும்

நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள். நூறு ரூபாய் என்றாலும் மாமியார், மருமகள், மகள் மூவரும் வந்தால் முந்நூறு. ஒருவர்தான் வருவார், அதுவும் பரிசோதனை தேவையில்லாதவராக இருப்பார்.

பணம் சேர்க்க நமக்கு ஏற்கெனவே ஒரு வழி தெரியும், மொய். நடக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். மஞ்சள் தடவி, மேலே "சின்னம்மாவுக்காக" என்று எழுதி, உறவிலும் தெருவிலும் மொய் எழுதச் சொல்லுங்கள். பெயர், ஊர், தொகை. "நன்கொடை கொடுங்கள்" என்றால் யோசிக்கிற சித்தப்பா, மொய் என்றால் யோசிக்க மாட்டார். தன் வீட்டு நோட்டில் நம் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். போன வருடம் கொடுத்தவர் வீட்டுக்கு இந்த வருடம் ஒரு கஷ்டம் என்றால் நாமும் போய் நிற்க வேண்டும், அதுவும் மொய்யோடு சேர்ந்ததுதான்.

சேர்ந்த பணத்தை யாருடைய சொந்த ஜிபே எண்ணிலும் வாங்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் வீட்டு மளிகைப் பணமும் இதுவும் கலந்துவிடும், பின்னால் பேச்சு வரும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-ல் தொடங்கியதே அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தது, தனி மாவட்டமானது 2004-ல். முப்பது வருடத்துக்கு மேலாகத் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், இருவர் கையெழுத்து என்று பழகிய பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் கணக்கை ஒப்படையுங்கள். பட்டம் படித்த நமக்கு வராத ஒழுங்கு அவர்களுக்கு வரும்.

வருமான வரி விலக்கு கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த விலக்குக்கான பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்தால்தான் அது கிடைக்கும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. அவர்களை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேராக அனுப்பச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் குழுக் கணக்குக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போனவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

யாருக்குக் கொடுப்பது? ஆராய்ச்சிக்கு, பெரிய மருத்துவமனைக்கு என்று ஆசை வரும். தப்பில்லை. அடையாறு மருத்துவமனை 1954-ல் எழுந்ததற்குப் பின்னாலும் ஒரு உறவு இருக்கிறது: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார், அந்த வலியை அவர் முப்பது வருடம் விடவில்லை. அமெரிக்காவில் சூசன் கோமன் 36 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்த பிறகு அவர் தங்கை தொடங்கிய ஓட்டத்தில் 1983-ல் 800 பேர்தான் வந்தார்கள். இரண்டுக்கும் வேர் அக்கா தங்கை பாசம்தான்.

ஆனால் எங்கள் அளவு வசூலுக்கு நாங்கள் வேறு முடிவு எடுத்தோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் உதவும். பஸ்ஸுக்கு உதவாது. கரண்ட் வைப்பது என்றால் வாரம் ஐந்து நாள், மூன்று வாரத்திலிருந்து ஐந்தாறு வாரம் வரை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ தினமும் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே அறை எடுக்க வேண்டும். கூடப் போகும் ஆளுக்கும் அத்தனை நாள் கூலி போச்சு. சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர் நிறுத்துவது இங்கேதான். எனவே முழுப் பணமும் பஸ் செலவு, சாப்பாடு, துணைக்குப் போகிறவர் கூலி ஆகியவற்றுக்கு. மொத்தமாகக் கையில் கொடுக்காமல் வாரா வாரம் கொடுங்கள். அந்தச் சாக்கில் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் வரலாம்.

நடக்க வருபவர்களின் உடம்பு

நடை வேகத்தை இளைஞர்கள் தீர்மானிக்கக் கூடாது. மெதுவாக நடப்பவர்களை முன்னால் விடுங்கள். கடைசியில் ஒரு ஆள், கையில் விசில். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அது ஒன்றே அவர் வேலை. இருபது பேருக்கு ஒரு தொண்டர், பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவர ஒரு ஆட்டோ. 108 எந்த வழியாக உள்ளே வரும் என்று தொண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை முடித்தவர்களுக்கு நடப்பது நல்லதுதான், இருந்தாலும் தங்கள் டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். அந்தத் தோளில் பை மாட்ட வேண்டாம், வளையல் மோதிரம் இறுக்கமாக வேண்டாம். நடுவில் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை மூடித் திறக்கலாம். கை வீங்காமல் இறுக்கிப் பிடிக்க டாக்டர் கொடுத்த உறை இருந்தால் போட்டு வரட்டும். கீமோ எடுத்தவர்களில் சிலருக்குப் பாதம் மரத்திருக்கும், செருப்பு கடித்துப் புண்ணானாலும் தெரியாது. அவர்கள் புதுச் செருப்போடு வரக் கூடாது. கரண்ட் வைத்த இடத்தில் வெயில் படாமல் முந்தானையோ துப்பட்டாவோ போர்த்திக்கொள்ளட்டும். கீமோ நடுவில் இருப்பவரைக் கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும், சளிக்காய்ச்சல் கூட ஆபத்து. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும், வழியை அந்தத் தெரு வழியாக வையுங்கள்.

டீ-ஷர்ட் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மார்பகம் எடுத்த பெண்ணை இறுக்கமான டீ-ஷர்ட் போடச் சொல்வது என்ன நியாயம்? முதல் வருடம் சின்னம்மா மேலே துண்டு போட்டுக்கொண்டே நடந்தார், எனக்கு அப்போது உறைக்கவில்லை. புடவையோ சுடிதாரோ, கட்டிப் பழகியதைக் கட்டி வரட்டும். ரோஸ் கலர் ரிப்பன் ஒரு முழம் போதும்.

தண்ணீருக்கு டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் 2019 ஜனவரி முதல் தடை. உப்புக் கரைசல் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. முடிவில் நீர்மோர், வாழைப்பழம், ராகிக் கூழ். கூழுக்குக் கடித்துக்கொள்ள மோர்மிளகாய் கேட்டு ஒரு பாட்டி எங்களை ஓட ஓட விரட்டினார், அதையும் பட்டியலில் சேருங்கள்.

மெடல் கொடுக்காதீர்கள். நோயைக் கடந்து வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய நெல்லிக்காய் கொடுங்கள். தகடூர் மண்ணில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதியமான் ஔவைக்கு எதற்குக் கொடுத்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மைதானத்தில் பத்து நிமிடப் பேச்சு

சிறப்பு விருந்தினருக்காக யாரையும் வெயிலில் நிறுத்தாதீர்கள். வந்தால் நடக்கட்டும். பேசுவது நர்ஸ் ஒருவர் மட்டும், பத்து நிமிடம். ஆண்களைத் தள்ளி நிற்கச் சொல்லத் தேவையில்லை, பஸ் செலவு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. நர்ஸிடம் இவற்றைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்: மார்பிலோ அக்குளிலோ கட்டி, வலி இல்லாவிட்டாலும், தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் நீரோ ரத்தமோ கசிவது. கட்டி எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்பது பொய். ஒசூர், வேப்பனப்பள்ளி பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒருமுறை சொல்லவையுங்கள்.

பேச்சு முடிந்ததும் அங்கேயே திங்கட்கிழமைக்குப் பெயர் எழுதுங்கள். பெண்கள் மேசையில் பெண்ணே உட்கார வேண்டும்.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

ஒரு வேன் பேசிவையுங்கள். தனியாகப் போகச் சொன்னால் பாதிப் பேர் போக மாட்டார்கள், சேர்ந்து போனால் கோயிலுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். எங்களோடு வந்தவர்களில் சிலருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்கள். அந்தச் சீட்டு பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். எனவே சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு துணை ஆள் போடுங்கள், அவர் கூடவே போய் ரிசல்ட் வாங்கும் வரை விடக் கூடாது. யாருக்கு என்ன ரிசல்ட் என்று குழுவில் அறிவிக்கக் கூடாது, துணை ஆளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

வரவு செலவை ஒரு வாரத்துக்குள் பால் சொசைட்டி சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுங்கள், ரிப்பன் வாங்கிய காசு உட்பட. உதவி பெற்றவர் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.

எங்கள் குழுவில் துணை ஆட்களுக்குப் போன் போடும் பொறுப்பு இப்போது சின்னம்மாவிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுவார். "சீட்ட எடுத்துட்டுப் போனியா, இல்ல சீசன் முடியட்டும்னு வச்சிருக்கியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.